முளையில் தெரிந்த பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. நற்பயிரை முளையிலேயே அடையாளம் காணலாம் என்னும் அளவில் அஃது உண்மையே. ஆயினும், முளையில் தெரிந்த பயிரெல்லாம் தானே விளைந்துவிடும் என்று அப்பழமொழி உறுதி கூறவில்லை. முளைக்கும் அறுவடைக்கும் இடையே மழையுண்டு, வெயிலுண்டு, பூச்சியுண்டு. உழவனின் உழைப்பும் உண்டு, அவனுடைய சோம்பலும் உண்டு. விளையாது போன வயலைக் கண்டு, ‘விதை சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நடப்பது எளிது. அவ்விதையைக் கையில் வாங்கி, இது நல்விதை என்று ஊரறியச் சொன்னவர் பின்னர் என்ன செய்தார் என்று கேட்பது அத்துணை எளிதன்று.

இளமையில் பெருந்திறன் காட்டிய ஒருவர், பின்னர் அத்திறனுக்கேற்ப வளராது நின்றுவிட்டால், அதற்குப் பொறுப்பாளர் யார்? அவரேயா? அவரைத் தெரிந்தெடுத்தவர்களா? பயிற்றியவர்களா? அளவின்றிப் புகழ்ந்தவர்களா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். கல்விக்கூடத்திலும் கலையரங்கிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. ஆனால் அங்கெல்லாம் சான்றுகள் மறைந்துபோகின்றன. வகுப்பில் ஒளிர்ந்த மாணவன் எந்த நாளில் மங்கத் தொடங்கினான் என்பதை எவரும் ஏட்டில் குறித்து வைப்பதில்லை. விளையாட்டு உலகிலோ ஒவ்வோர் ஆட்டமும் எண்ணாகப் பதிவாகின்றது. ஏற்றமும் சரிவும் ஆண்டு, நாள் குறிப்புடன் நிற்கின்றன. ஆதலின் விளையாட்டு வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம். முதற்சான்று தமிழ் நிலத்திலேயே உள்ளது.

சென்னைச் சிறுவன்

இலட்சுமண் சிவராமகிருஷ்ணன் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிரிக்கெட் ஆட்டத்தில் அவர் கைக்கொண்டது, மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழற்றி வீசும் ‘லெக் ஸ்பின்’ என்னும் கலை. பந்து வீச்சு வகைகளுள் கற்பதற்கு மிகக் கடினமானது இதுவே என்பர். விரலால் சுழற்றுவோர்க்குப் பந்து ஓரளவு கட்டுப்படும். மணிக்கட்டால் சுழற்றுவோர்க்கோ, கை திரும்பும் கோணத்தில் ஒரு மயிரிழை பிசகினும் பந்து குட்டையாகவோ நெட்டையாகவோ விழும். எதிராளி ஓங்கி அடித்துவிடுவார். ஆகவே இக்கலையில் தேறப் பல ஆண்டுகள் வேண்டும். கற்பவர் ஓட்டங்களை வாரி வழங்கும் நாள்களில் அவரைப் பொறுத்துக்கொள்ளும் அணித்தலைவரும் வேண்டும்.

அச்சிறுவர் பள்ளிப் பருவத்திலேயே சென்னை ஆடுகளங்களில் பேசப்பட்டார். 1981-82ஆம் பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில் டில்லி அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக ஆடி, ஒரே இன்னிங்சில் 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 16. மிகச் சில முதல்தர ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1983ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளில் ஆண்டிகுவா மைதானத்தில் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அன்று அவருக்கு 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களுள் அவரே மிக இளையவர். அந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை.

1984ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் நவம்பர் 28ஆம் நாள் தொடங்கிய முதல் டெஸ்டில், பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்த இவ்விளைஞர், முதல் இன்னிங்சில் 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளும், இரண்டாம் இன்னிங்சில் 117 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளும் எடுத்தார். இந்தியா 8 விக்கெட்டு வேறுபாட்டில் வென்றது. அடுத்து டில்லியில் ஓர் இன்னிங்சில் மீண்டும் 6 விக்கெட்டுகள். அத்தொடரில் மட்டும் அவர் எடுத்தவை 23. தொடர்ந்து 1985ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற உலகக் கிரிக்கெட் வெற்றியாளர் போட்டியில் இந்தியா கோப்பையை வென்றது. மெல்போர்ன் நகரில் பாக்கிஸ்தானுக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்திலும் அவர் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நாடு முழுவதும் அவர் பெயரை உச்சரித்தது.

ஒன்பதாம் ஆட்டம்

இதன்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அவருடைய இறுதி டெஸ்ட் ஆட்டம் 1986ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் சிட்னியில் தொடங்கியது. இருபதாவது பிறந்தநாள் வந்துபோன அதே வாரம் அது. மொத்தம் ஆடிய டெஸ்டுகள் 9. எடுத்த விக்கெட்டுகள் 26. இங்கிலாந்துத் தொடரின் 23 போக, எஞ்சிய எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 3 மட்டுமே. 1987ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். அதன்பின் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. 1987-88ஆம் பருவத்தில் தமிழ்நாடு, 1954-55க்குப் பின் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவரும் அவ்வணியில் இருந்தார். ஆனால் அப்போது அவர் பெயர் பேசப்பட்டது மட்டைபிடித்து ஓட்டங்கள் குவித்தமைக்காகவே. பந்தைச் சுழற்றி உலகை வியக்கவைத்த கை, இருபத்திரண்டு வயதுக்குள் மட்டையைப் பற்றிக்கொண்டது.

இதற்கு யார் பொறுப்பு? பலரும் சுட்டும் விரல் முதலில் இளைஞரை நோக்கியே நீளும். வீச்சின் அளவு தவறியது, பந்தின் மிதப்பு குறைந்தது, புகழ் தலைக்கேறியது என்பன போன்ற தீர்ப்புகள் இத்தகையோர் மீது எந்நாட்டிலும் எழுவனவே. இவற்றுள் ஆட்டத் திறன் பற்றிய பகுதி உண்மையாகவே இருக்கட்டும். திறன் தவறியது என்பது நிகழ்ச்சியைச் சொல்வதாகுமேயன்றிக் காரணத்தைச் சொல்வதாகாது. பயிர் வாடியது என்று கூறுபவர், வாடியதற்குக் காரணம் கூறியவராக மாட்டார்.

காரணத்தைத் தேடுவோர் சில செய்திகளைக் கருத வேண்டும். பம்பாயிலும் மெல்போர்னிலும் அணித்தலைவராக இருந்தவர் சுனில் கவாஸ்கர். மெல்போர்ன் வெற்றியோடு அவர் தலைமையை விட்டு விலகினார், கபில்தேவ் தலைமையேற்றார். ஒரு தலைவரைப் புகழ்ந்து மற்றவரை இகழ்வது நம் நோக்கமன்று. மணிக்கட்டுச் சுழல் வீச்சாளர், யார் எப்போது பந்தைக் கையில் தருவார், யாரை எங்கே நிறுத்துவார் என்பதைச் சார்ந்தே வாழ்பவர். அத்தகைய ஒருவர்க்கு, தொழிலில் கால் ஊன்றிய சில மாதங்களிலேயே தலைமை மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, அன்று நாட்டில் இருந்த ஏற்பாட்டை நோக்குவோம். தேசியக் கிரிக்கெட் பயிற்சிக் கழகம் பெங்களூரில் நிறுவப்பட்டது 2000ஆம் ஆண்டில். சென்னையில் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்குவதற்கென ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லியைக் கொண்டு எம்.ஆர்.எஃப். பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது 1987ஆம் ஆண்டில். சிவராமகிருஷ்ணன் வீச்சில் பிசகு தோன்றிய 1985ஆம் ஆண்டில் இவை இரண்டுமே இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் தேர்வு செய்ய ஒரு குழு இருந்தது. நீக்கவும் அதே குழு இருந்தது. தேர்வுக்கும் நீக்கத்துக்கும் இடையே அவரை அமர்த்திக் கையின் கோணத்தைத் திருத்த ஓர் அமைப்பு இல்லை.

மற்றொன்றும் உண்டு. தம் நிறத்தின் காரணமாக வாழ்நாள் முழுவதும் வேறுபாட்டுக்கு ஆளானதாகவும், அது நம் நாட்டிலேயே நிகழ்ந்ததாகவும் அவர் 2021ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சுமையைச் சுமந்த ஒருவர், பதினேழு வயதில் அதை எவரிடம் இறக்கி வைத்திருப்பார்? ஆட்டக் குறிப்பேட்டில் விக்கெட்டுகளுக்குக் கட்டம் உண்டு; மனச்சுமைக்குக் கட்டம் இல்லை.

இரண்டு ஒப்பீடுகள்

இங்கே ஒரு தடை எழும். ‘இளமையிலேயே களமிறங்கியும் வாடாதவர் உண்டே! சச்சின் டெண்டுல்கர் 1989ஆம் ஆண்டு நவம்பரில் கராச்சியில் ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 16 தானே?’ என்பர். தக்க தடையே. ஆனால் அவர் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டெண்டுல்கருக்கு முதல் சதம் கிட்டியது 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில், மான்செஸ்டர் நகரில். அஃது அவருடைய ஒன்பதாம் டெஸ்ட். சிவராமகிருஷ்ணனின் வரலாறு முடிந்ததும் ஒன்பதாம் டெஸ்டில்தான். ஒருவருக்கு ஒன்பதாம் ஆட்டம் வாயில். மற்றவருக்கு அதுவே எல்லை. முன்னவரிடம் எட்டு ஆட்டங்கள் வரை சதம் கேட்காமல் பொறுத்திருந்தார்கள். மும்பையில் சிறுவயது முதல் அவரைச் செதுக்கிய ஆசிரியர் இரமாகாந்த் அச்ரேக்கரும், வழிநடத்திய தமையனார் அஜித்தும் அவர் பக்கத்திலேயே இருந்தார்கள்.

மட்டைபிடிப்பவரைப் பந்து வீச்சாளரோடு ஒப்பிடுவது பொருந்தாது எனின், அதே மணிக்கட்டுச் சுழலைக் கையாண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன், சிவராமகிருஷ்ணன் கடைசியாக ஆடிய அதே சிட்னி மைதானத்தில், 1992ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடினார். 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்டு எடுத்தார். அடுத்த டெஸ்டிலும் வெறுங்கை. அவ்வாண்டு ஆகஸ்டில் கொழும்பு நகரில் முதல் இன்னிங்சில் 107 ஓட்டங்கள் கொடுத்தும் ஒரு விக்கெட்டும் இல்லை. ஆக, 335 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட்டு! எந்தக் கணக்கப்பிள்ளையும் அவர் பெயரை அடித்துவிட்டிருப்பார்.

அவ்வாட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இலங்கை வெற்றியை நெருங்கியபோது, அணித்தலைவர் ஆலன் பார்டர் பந்தை வார்னிடமே கொடுத்தார். வார்ன் 11 ஓட்டங்களுக்கு இறுதி 3 விக்கெட்டுகளையும் வீழ்த்த, ஆஸ்திரேலியா 16 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. பின்னாளில் அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 708. வீச்சில் ஐயம் எழுந்தபோதெல்லாம் அவர் ஓடிச்சென்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார்: டெர்ரி ஜென்னர், தாமும் லெக் ஸ்பின் வீசி ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர். ஒரு தலைவரின் நம்பிக்கையும் ஓர் ஆசிரியரின் கண்ணும் வார்னுக்குச் சேர்ந்து கிடைத்தன.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம் நம் மாணவர் அறிந்ததே. ஆராயாமல் ஒருவரை நம்பிப் பொறுப்பில் அமர்த்துவதும், அமர்த்திய பிறகு அவர்மேல் ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வள்ளுவர் அங்கே கண்டிக்கின்றார். பதினேழு வயதுப் பிள்ளையை அவசரப்பட்டுக் களத்தில் இறக்குவது முதற்பிழை எனில், இருபது வயதில் அவரை அவசரப்பட்டுக் கைவிடுவது இரண்டாம் பிழை. இரண்டும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள். பிழை செய்தவர் அதிகாரத்தில் இருக்க, இழப்பு மட்டும் இளைஞரைச் சேர்கின்றது.

அமெரிக்க நாட்டில் ஒரு சோதனை

இவ்வினாவை அடிக்கடி எழுப்பி வாதிடும் நாடு அமெரிக்கா. அந்நாட்டுக்கே உரிய காற்பந்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்னும் ஆட்டக்காரர் உண்டு. அணியின் தாக்குதல் திட்டத்தைக் களத்தில் நடத்துபவரும், பந்தைப் பெற்று உரிய தோழருக்கு எறிந்து வழங்குபவரும் அவரே. ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து இளம் ஆட்டக்காரரைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். 1998ஆம் ஆண்டில் முதலிடத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவர் பெய்ட்டன் மானிங். இரண்டாம் இடத்தில் ரையன் லீஃப். இருவருள் யார் சிறந்தவர் என்று அன்று நாடே வாதிட்டது.

முதலாண்டில் இருவருமே தடுமாறினர். மானிங் எறிந்த பந்துகளுள் 28 எதிரணியின் கைக்குப் போயின. அவருடைய இண்டியானாபொலிஸ் அணி 16 ஆட்டங்களுள் 3 மட்டுமே வென்றது. லீஃபின் எறிதல்களுள் எதிரணி பறித்தவை 15. வேறுபாடு அடுத்து வந்தது. மானிங்கின் அணியில் 1998இல் பொறுப்பேற்ற தலைமைப் பயிற்சியாளர் 2001 வரை மாறவில்லை; தாக்குதல் பயிற்சியாளர் டாம் மூர் பத்தாண்டுக்கு மேல் அவருடனேயே இருந்தார். லீஃப் சேர்ந்த சான் டியேகோ அணியிலோ, தலைமைப் பயிற்சியாளர் முதலாண்டின் நடுவிலேயே நீக்கப்பட்டார்; இடைக்காலமாக ஒருவர் வந்தார்; மறு ஆண்டு மூன்றாமவர் வந்தார். 2001ஆம் ஆண்டில் லீஃபும் விடுவிக்கப்பட்டார். மானிங் இரண்டு வெவ்வேறு அணிகளுக்கு நாட்டுக் கோப்பையை வென்று தந்து, 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

நீதியின் பொருட்டு ஒன்று கூற வேண்டும். லீஃபின் நடத்தையில் குறைகள் இருந்தன. பிற்காலத்தில் அவரே அவற்றை ஒப்புக்கொண்டு பேசியுள்ளார். ஆகவே இளைஞருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் வாதிடவில்லை. மாணவன் படிக்க மறுத்தால் ஆசிரியர் அவனுக்காகத் தேர்வு எழுத முடியாது. ஆனால் பொறுப்பைப் பங்கிடும்போது ஓர் அளவுகோல் வேண்டும். யாருக்கு எவ்வளவு தீர்மானிக்கும் உரிமை இருந்ததோ, அவருக்கு அவ்வளவு பொறுப்பு உண்டு என்பதே அவ்வளவுகோல். எப்போது இறக்குவது, யாரிடம் பயில்வது, எத்தனை தோல்வி வரை பொறுப்பது ஆகிய மூன்றையும் தீர்மானிப்பவர் பெரியவர். கொடுக்கப்பட்ட வாய்ப்பில் உழைப்பது ஒன்றே இளையவர் கையில் உள்ளது. பெரியவர் தம் மூன்று கடமைகளையும் ஆற்றிய பின்னரே இளையவரின் ஒரு கடமையைப் பற்றிக் கணக்குக் கேட்கும் தகுதி பெறுகின்றார்.

பினாங்கு தந்த விடை

இக்கடமைகள் நிறைவேறினால் என்ன நிகழும் என்பதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் பினாங்கு மண்ணிலேயே சான்று உண்டு. நிக்கோல் டேவிட் 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தை வழியில் இந்திய மரபும் தாய் வழியில் சீன மரபும் உடையவர். சுவர்ப்பந்தில் அவர் முளையிலேயே தெரிந்த பயிர். 1998ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 15 வயதில் தங்கம் வென்றார். 1999இல் உலக இளையோர் பட்டம் பெற்றார். 2001இல் அப்பட்டத்தை மறுபடியும் வென்றார். அப்போட்டி நடைபெற்றது அவருடைய சொந்த ஊராகிய பினாங்கிலேயே.

ஆனால் இளையோர் அரங்கில் முதலிடம் பெறுவது ஒன்று. முதியோர் அரங்கில் நிலைப்பது மற்றொன்று. 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம் அவர் கைநழுவியது. அப்போது அவருக்கு வயது 19. சிவராமகிருஷ்ணனின் வீச்சு தடுமாறத் தொடங்கிய அதே வயது. இங்கேதான் இரு வரலாறுகளும் பிரிகின்றன. 2003ஆம் ஆண்டில் நிக்கோல் ஆம்ஸ்டர்டாம் நகர் சென்றார். முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை லிஸ் ஏர்விங்கிடம் ஆட்டத்தை அடிப்படையிலிருந்து மீண்டும் பயின்றார். உடனே பட்டங்கள் குவியவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில்தான் முதல் உலகப் பட்டம் வந்தது. 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடம் அடைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை, ஒன்பது ஆண்டுகள், அவ்விடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2014க்குள் எட்டு உலகப் பட்டங்கள் அவருடையவாயின. 2019இல் ஓய்வு பெற்றார்.

பூசானில் இழந்ததற்கும் உலகப் பட்டத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. அம்மூன்று ஆண்டுகளையே நாம் உற்று நோக்க வேண்டும். ‘முடிந்துபோன நட்சத்திரம்’ என்று அவரை ஒதுக்கியிருந்தால், பினாங்கு ஓர் இளையோர் வெற்றியாளரின் பெயரை மட்டுமே நினைவு வைத்திருக்கும். அவ்வாண்டுகளில் அவருக்கு ஓர் ஆசிரியரும், அமைதியாகப் பயில ஓரிடமும், விளைச்சலை அன்றாடம் கேளாத பொறுமையும் வாய்த்தன. உழைப்பு அவருடையது, அவ்வுழைப்புக்கு நிலம் தந்தவர் பிறர்.

பன்னிரண்டு வயதில் கைமாறும் பிள்ளை

விளையாட்டுச் செய்திகளை இத்துணை விரித்துரைத்தது வேடிக்கைக்காக அன்று. 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியபோது அதனோடு ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. அதனையே தொடக்கமாகக் கொண்டு 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்கின்றனர். மொழி மாறுகின்றது, ஆசிரியர் மாறுகின்றனர், தோழர் மாறுகின்றனர். அனைத்தும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரே ஜனவரியிலோ அல்லது பள்ளித் தவணை தொடங்கும் வேறொரு திங்களிலோ மாறிவிடுகின்றன. சான் டியேகோ அணியில் ஓர் இளைஞர்க்கு மூன்று பயிற்சியாளர் மாறியதைக் கண்டு வருந்துகின்றோம். நம் பிள்ளைக்கு ஒரே நாளில் எல்லாமே மாறுவதை இயல்பென்று கொள்கின்றோம்.

2021ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரை, ஆறாம் ஆண்டுத் தேர்வின் சிறப்புத் தேர்ச்சியாளர் பெயர்களை நாளிதழ்களில் படத்துடன் வெளியிட்டோம், மேடையேற்றினோம், பொன்னாடை போர்த்தினோம். படிவம் மூன்றில் அப்பிள்ளைகள் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்று பின்சென்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்ட ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் தம் சொந்த அன்பினால் கேட்டார்களேயன்றி, அது நம் முறையின் ஒரு பகுதியாக அமையவில்லை. கண்டெடுப்பதற்கு விழா வைத்த நாம், வளர்த்தெடுப்பதற்கு ஒரு குறிப்பேடுகூட வைக்கவில்லை.

எழுத்தாளர் சங்கங்களுக்கும் இவ்வினா பொருந்தும். சிறுகதைப் போட்டியில் பதினெட்டு வயது இளைஞருக்குப் பரிசு தருகின்றோம். அவருடைய இரண்டாம் கதையைக் கேட்டு வாங்குபவர் யார்? மூன்றாம் கதை சோடை போனால், அமர்த்தி வைத்து அதன் குறையை எடுத்துச் சொல்பவர் யார்? ‘பரிசு பெற்றார், பிறகு எழுதவில்லை’ என்று சில ஆண்டுகள் கழித்துப் பேசிக்கொள்கின்றோம். அவ்வாக்கியத்தின் எழுவாய் அவராகவே இருக்கின்றது, நாமாக இருப்பதில்லை.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு உடையன அல்ல. தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர், பள்ளியை விட்டுச் சென்ற மாணவர் பெயரேட்டைப் படிவம் மூன்று வரை பேணலாம். ஆண்டுக்கு இருமுறை அவர்களை அழைத்துப் பேசலாம். இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரிடம், ‘இப்பிள்ளைக்குக் கணக்கு நன்கு வரும், கூச்சம் மிகுதி, மலாய்மொழியில் சற்றுத் துணை வேண்டும்’ என்று ஒரு பக்கக் குறிப்பை அனுப்பலாம். சங்கம் பரிசளித்த இளைஞர் ஒவ்வொருவரையும் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் ஈராண்டுக்கு ஒப்படைக்கலாம். இவற்றோடு ஒன்றைச் செய்யாமலும் இருக்கலாம்: தாங்க முடியாத புகழைப் பிஞ்சுத் தோளில் ஏற்றாமல் இருக்கலாம்.

திறன் குன்றிய இளைஞரைக் காணும்போது, ‘இவர் ஏன் வளரவில்லை?’ என்று கேட்பது வழக்கம். அதற்குமுன், ‘இவர் தடுமாறிய நாளில் பக்கத்தில் யார் இருந்தார்?’ என்று கேட்கப் பழகுவோமாக. வார்னுக்கு ஜென்னர் இருந்தார். நிக்கோலுக்கு ஏர்விங் இருந்தார். பம்பாயில் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்திய சென்னைப் பிள்ளை தடுமாறியபோது அத்தகைய ஒருவரை அவர் பக்கத்தில் அமர்த்தும் ஏற்பாடு அன்று நாட்டில் இல்லை. வரும் ஆண்டு நம் பள்ளிகளை விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு யார் இருப்பார் என்பதை அவர்கள் செல்வதற்கு முன்பே தீர்மானித்து வைப்பது ஆசிரியராகிய நம் கடன்.